நத்தைக்காக ஒரு படை

நம் வயதுக்காரர்கள் யார் வீட்டிலாவது, பழைய பிஸ்கட் டின்னிலோ அலமாரிக்குப் பின்னாலோ, அந்தப் பத்து காசுப் பொட்டலத்துப் பூதப்படம் ஒன்று மிச்சம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எந்தப் பூதமானாலும் சரி. நத்தையாக இருந்தால் இன்னும் நல்லது. கொடுங்கள் என்று கேட்க மாட்டேன். வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன்.

என் பிள்ளைகள் போனில் பூதங்களை வளர்த்துச் சண்டைக்கு விடுகிறார்கள். "அப்பா, உங்க காலத்துல இதெல்லாம் இல்லதானே" என்று சின்னவன் பாவப்பட்டுக் கேட்டான். இருந்தது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்களாவது சாட்சி சொல்லுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. தெருமுனை சீனர் கடையில் அந்தப் பொட்டலங்களைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மொறுமொறுவென்று ஒரு தீனி. தின்றால் விரல் நுனியெல்லாம் சிவந்துவிடும். சட்டையில் துடைத்து அடி வாங்காதவர்கள் நம்மில் இருக்க முடியாது. தீனிக்கு நடுவே, எண்ணெய் ஊறிப்போய், கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் அட்டைப்படம் இருக்கும். அதில் ஒரு பூதம். பெயர் என்னவோ எழுத்தில் அச்சடித்திருக்கும், எங்களில் யாருக்கும் வாசிக்க வராது. ஆகவே நாங்களே பெயர் வைத்தோம். வாயில் தீ கக்குவது தீவாயன். மூன்று கொம்பு உள்ளது மூணுகொம்பன். ஈட்டி மாதிரி மூக்கு உள்ளது கொசுராஜா.

படத்துக்குக் கீழே இடது பக்கம் சின்னச் சின்னத் தீச்சுடர்கள் இருக்கும். வலது பக்கம் சின்னச் சின்னக் கேடயங்கள். ஆட்டம் சுலபம். ஆளுக்கு ஐந்து பூதம். ஒன்றுக்கு எதிரே ஒன்று நிற்கும், முறை மாற்றி முறை அடிக்கும். ஒரு தடவை அடித்தால் அடித்தவனுக்கு ஒரு சுடர் போகும், அடி வாங்கியவனுக்கு ஒரு கேடயம் போகும். போனதன் மேல் புளியங்கொட்டையை வைத்து மறைப்போம். கேடயம் எல்லாம் போனால் பூதம் செத்தது. சுடர் மிச்சம் உள்ள பூதம் அடித்தே ஆக வேண்டும், சும்மா நிற்கக் கூடாது. சுடர் தீர்ந்த பூதம் தன் முறை வரும்போது "சும்மா" என்று சொல்லிவிட்டு நிற்கலாம். அதை உள்ளே எடுத்துக்கொண்டு வேறு பூதத்தை இறக்கவும் செய்யலாம், ஆனால் அதற்கு ஒரு முறை வீணாகும். ஐந்தும் செத்தவன் தோற்றவன்.

நத்தைக்குச் சுடரே கிடையாது. இடது பக்கம் வெறும் வெள்ளை. வலது பக்கம் மட்டும் எட்டுக் கேடயம். வேறு எந்தப் பூதத்துக்கும் அத்தனை இல்லை. தீவாயனுக்குக்கூட மூன்றுதான். ஆனால் அடிக்கத் தெரியாத பூதம் யாருக்கு வேண்டும்? பொட்டலத்தைப் பிரித்து நத்தை வந்தால் பையன்கள் காறித் துப்புவார்கள். சிலர் அதை லோங்காங்கில், சாக்கடைத் தண்ணீரில் விட்டெறிவார்கள். மற்றவர்கள் துணிக் கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டிக்கொள்வார்கள். கம்பியில் பட்டு டக்டக்கென்று மோட்டார் மாதிரி சத்தம் வரும். சாயங்காலமானால் குவாட்டர்ஸ் முழுக்க நத்தைகள் அடிபடும் சத்தம்தான்.

எனக்கு அதன் முகம் பிடித்திருந்தது. மற்ற பூதங்கள் எல்லாம் பல்லைக் காட்டும். இது முதுகில் பானை மாதிரி ஓட்டைச் சுமந்துகொண்டு, மத்தியானத் தூக்கத்தில் யாரோ எழுப்பிவிட்ட மாதிரி, அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மழை நாளில் கட்டிலில் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒன்று தட்டியது. தீவாயனுக்கு நான்கு சுடர். அவன் நான்கையும் நத்தை மேல் கக்கினாலும் நத்தைக்கு இன்னும் நான்கு கேடயம் மிஞ்சும். தீவாயன் வெறும் வாயோடு நிற்பான். அப்போது கொசுராஜா போதும். மூன்று சுடரும் ஒரே கேடயமும் உள்ள கொசுராஜா, ஒரே அடியில் சாகிற கொசுராஜா, அடிக்க ஆளில்லாத இடத்தில் நிதானமாக வேலையை முடிக்கும்.

ஆக, நத்தை மட்டும் போதாது. அதைச் சுற்றி ஒரு படை வேண்டும். நத்தை அடி வாங்கித் தருகிற நேரத்தை உபயோகிக்கத் தெரிந்த சின்னப் பூதங்கள் வேண்டும். எந்த நாலு பேர் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குவாட்டர்ஸில் ஆட்டத்தை நடத்துவது கடைசி வீட்டு அண்ணன். இடைநிலைப் பள்ளிக்குப் போகிறவர். மாடிப்படிக்குக் கீழே அவர் உட்கார்ந்தால்தான் ஆட்டம் தொடங்கும். வருடக் கடைசி விடுமுறையின் முதல் நாளே போய் என் ஐந்தையும் வரிசையாக வைத்தேன். முதலில் நத்தை.

அவர் அதை விரலால் நகர்த்தினார். "டே, நெருப்பே இல்லாதது என்னாடா பூதம்? சைக்கிள்ல மாட்டு, போ லா."

"இதோட ஆடுறேன் அண்ணே. ஒரே ஆட்டம்."

"நாளைக்கு சோத்துக் கரண்டியக் கொண்டாந்து வெச்சிட்டு இதுவும் பூதம்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நத்தையை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைத்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் வைக்கவில்லை. படத்தை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த விடுமுறையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மாடிப்படிக்குக் கீழே என் நத்தை ஒரு முறை நிற்க வேண்டும்.

ஆள் கிடைக்காததால் எனக்கு நானே ஆடினேன். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கடைசி வீட்டு அண்ணன். அவருக்குத் தடித்த குரல், எனக்கு என் குரல். "நாலுல ஒண்ணு போச்சு, மிச்சம் மூணு." "சும்மா." "அடி." "சும்மா." அப்பா வேலை முடிந்து வந்து, கை கழுவும்போது இதைக் கேட்டுவிட்டு, பையன் லீவிலும் கழித்தல் கணக்குப் போடுகிறான் என்று பட்டறையில் பெருமையாகச் சொன்னாராம். அம்மா சமையலுக்கு நடுவில் வந்து வந்து கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை கிள்ளானிலிருந்து வந்த அன்றுதான் வினை. விளக்கு வைக்கும் நேரம். நான் தடித்த குரலில், உன்னை எரிச்சுச் சாம்பலாக்கிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. அத்தை முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தரையில் நாக்கில் தீயோடு கிடந்த பூதத்தைப் பார்த்தார்.

"அண்ணி, இவன் யார்கிட்ட பேசுறான்?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார் அம்மா. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அப்பா, கணக்குதானே போடுகிறான் என்றார். எந்தக் கணக்கு டீச்சர் எரித்துச் சாம்பலாக்கச் சொன்னாள் என்று அத்தை கேட்டார். அப்பா கை கழுவப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமையே கிள்ளானுக்கு பஸ் ஏறினோம். அத்தை வீட்டுக்குப் பக்கத்தில், ரயில் பாதை ஓரமாக, தகரக் கூரை போட்ட ஒரு முனீஸ்வரர் கோயில். அங்கே பூசாரி மற்ற நாளில் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், வெள்ளிக்கிழமை மட்டும் வேட்டி கட்டிக்கொள்வார். சாம்பிராணிப் புகையில் எனக்கு இருமல் வந்தது. பூசாரி தலையில் கை வைத்து, என் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிவப்புக் கயிறு கட்டினார். மூன்று வெள்ளிக்கிழமை வரட்டும் என்றார். அவ்வளவோடு விட்டிருந்தால் சந்தோஷமாகத் திரும்பியிருப்பேன். அத்தைதான் பையிலிருந்து என் ஐந்து படங்களையும் எடுத்துத் தட்டில் வைத்தார். இதெல்லாம் சாமி காலடியிலேயே கிடக்கட்டும், கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று அம்மாவும் அங்கேயே வேண்டிக்கொண்டார். எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் நத்தை அரைக்கண்ணால் என்னைப் பார்த்தது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, கோலாலம்பூர் வரும் வரைக்கும் அழுதேன். பேய் இறங்கும்போது அப்படித்தான் அழும் என்று அத்தை ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்ததால் அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது.

அடுத்த வாரம் வீட்டில் என் சத்தமே இல்லை. பேச என்ன இருக்கிறது? கயிறு வேலை செய்கிறது என்று அம்மா சாமி விளக்குக்கு எண்ணெய் கூட்டி ஊற்றினார். அப்பா மட்டும், முன்ன மாதிரி சத்தம் போட்டுப் படிக்கிறதில்லையே, கணக்கு மறந்திடப் போகுது என்று கவலைப்பட்டார்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம். அம்மாவும் அத்தையும் வரிசையில் நின்றார்கள். நான் பின்பக்கம் போனேன். தேங்காய் உடைக்கிற சிமெண்டுத் தரையில், இளநீர் வாடைக்கு நடுவில், என்னைவிட ஒரு வயது பெரியவளாக ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பூசாரியின் மகள். அவளுக்கு முன்னால் என் ஐந்து படங்களும் வரிசையாக இருந்தன. நான் வைக்கிற அதே வரிசையில்.

"நீதான் பேய் புடிச்ச பையனா?"

"எனக்குப் பேயெல்லாம் இல்ல."

"தெரியும். பேய் வந்து இந்த மாதிரி கூட்டுச் சேக்காது" என்றாள். நத்தையைத் தொட்டுக் காட்டினாள். "இது நெருப்பத் தீக்குது. அப்புறம் கொசு வருது. அதானே? இந்த ரெண்டாவது ஆளு எதுக்குன்னுதான் ஒரு வாரமா யோசிக்கிறேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாததை, யாரும் சொல்லாமலே, ஐந்து அட்டையைப் பார்த்து ஒருத்தி படித்திருக்கிறாள். அதற்குப் பிறகு எனக்கு வாழ்க்கையில் பாராட்டு என்று சிலது கிடைத்திருக்கிறது. எதுவும் இதற்கு ஈடாகவில்லை.

ரெண்டாவது ஆள் எதற்கு என்று விளக்கினேன். கொசு இறங்குகிற முறையில் எதிராளியிடம் ஒரு சுடர் மிச்சம் இருந்தால் கொசு செத்துவிடும், அந்த ஒரு அடியை வாங்க ஒரு ஆள். அவள் தலையை ஆட்டினாள். பிறகு பாவாடை மடிப்பிலிருந்து தன் ஐந்தை எடுத்தாள். சாமிக்குக் கொடுத்ததாயிற்றே என்று நான் தயங்கினேன். கோயிலைத் தாண்டி வெளியேதானே போகக் கூடாது, உள்ளேயே ஆடினால் சாமியும் பார்க்கும் என்றாள்.

புளியங்கொட்டைக்குப் பதில் செவ்வந்தி இதழ். நான் நத்தையை இறக்கினேன். அவள் கொஞ்சம் சிரித்துக்கொண்டே தன் முதல் படத்தைத் திருப்பினாள். நத்தை. என்னுடையதைவிடப் பழையது. ஓரமெல்லாம் தேய்ந்து, ஓட்டின் மேல் மஞ்சள் கறை படிந்தது.

"சும்மா" என்றாள்.

"சும்மா" என்றேன்.

"சும்மா."

"சும்மா."

அடிக்க இரண்டிடமும் ஒன்றும் இல்லை. யார் முதலில் நத்தையை உள்ளே எடுக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு முறை நஷ்டம், அடுத்து இறங்குகிறவனின் சுடரெல்லாம் எதிர் நத்தைக்குத் தீனி. இரண்டு பேருக்கும் அது தெரியும். அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சும்மா, சும்மா என்று சொல்லிச் சொல்லி எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இரண்டு நத்தைகளும் ஒன்றையொன்று அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ ஜபம் சொல்லிக் கொடுக்கிறாள் போல என்று அம்மாவிடம் சொன்னாராம்.

பஸ்ஸுக்கு நேரமானபோதும் ஆட்டம் முடியவில்லை. அவள் ஒரு மூங்கில் கூடையை எடுத்து எல்லாவற்றையும் அப்படியே மூடி வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கூடையைத் திறந்தபோது செவ்வந்தி இதழ்கள் மட்டும் வாடியிருந்தன. நத்தைகள் இரண்டும் அதே இடத்தில் இருந்தன. மறுபடியும் உட்கார்ந்து சும்மா என்றோம்.

அது கடைசி வெள்ளிக்கிழமை. அடுத்து நான் அங்கே வர வழியில்லை, என் படங்களை எடுத்துப் போகவும் வழியில்லை. அந்த நினைப்பு வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. பூசாரி கை துடைத்துக்கொண்டே எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"இதுல யாரு ஜெயிக்கிறது?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. ரெண்டும் அசைய மாட்டேங்குது" என்றாள் மகள்.

அவர் குனிந்து பார்த்தார். என் கயிற்றைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகள்தான் பேசினாள். "அப்பா, அவன் கொடுத்தத அவன் திருப்பி எடுக்கக் கூடாது. நான் கொடுக்கறத எடுத்துக்கலாம்ல?"

பூசாரி போய் விபூதித் தட்டை எடுத்து வந்தார். பிறகு அவளுடைய ஐந்து படங்களையும் எடுத்து, ஒரு வாழை இலைத் துண்டில் வைத்து, மேலே விபூதி போட்டு மடித்தார். சன்னதிக்கு வந்து அதை அம்மா கையில் கொடுத்தார்.

"பையன் நல்லாருக்கான்மா. ஒண்ணே ஒண்ணு. தனியா விளையாட விடாதீங்க."

அம்மா அந்தப் பொட்டலத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். அவள் கூடையை வைத்துக்கொண்டு நின்றாள். என் நத்தை அவளிடம். அவள் நத்தை என்னிடம். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் தெலுக் பங்லிமா காராங் பக்கம் மாறிப் போய்விட்டதாக அத்தை சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மா இலையைப் பிரித்தார். உள்ளே நத்தை, கொசுராஜா, இன்னும் மூன்று பூதங்கள். ஆனால் கோயிலில் கொடுத்தது ஆயிற்றே. நத்தையின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, ஐந்தையும் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். அதோடு நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனார். பையனைத் தனியாக விட்டால் பேய் மறுபடி அண்டிவிடும், உங்கள் பெரியவனோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அந்த அண்ணனின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஒரு தூக்கு நிறைய வடையும் கொடுத்துவிட்டு வந்தார். பூசாரி சொன்னது ஒன்று, அம்மா பயந்தது வேறொன்று. ஆனால் இரண்டும் என்னை ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டன.

மறுநாள் குளித்துவிட்டு, சாமி கும்பிட்டு, அம்மாவிடம் கேட்டே படங்களை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனேன். வடை தின்ற வாய் என்பதால் கடைசி வீட்டு அண்ணன் என்னை உட்காரச் சொன்னார். நான் ஐந்தையும் வைத்தேன். முதலில் நத்தை.

அவர் விரலை நீட்டினார். குங்குமத்தைப் பார்த்ததும் விரல் நின்றது.

"என்னாடா இது?"

"கோயில்ல கொடுத்தது அண்ணே."

அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "சரி, வை" என்றார்.

அவர் தீவாயனை இறக்கினார். அடித்தார். சும்மா என்றேன். பையன்கள் சிரித்தார்கள். மறுபடி அடித்தார். சும்மா. மூன்றாவது அடிக்குச் சிரிப்பு குறைந்தது. நான்காவது சுடரின் மேல் புளியங்கொட்டையை வைத்தபோது அவரே தன் படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். தீவாயன் வாய் திறந்தபடி இருந்தான், வாயில் ஒன்றும் இல்லை. நத்தையிடம் இன்னும் நான்கு கேடயம். பக்கத்திலிருந்த ஒரு பொடியன் தின்பதை நிறுத்திவிட்டுக் கிட்டே நகர்ந்து வந்தான். நான் நத்தையை உள்ளே எடுத்தேன். கொசுராஜாவை இறக்கினேன்.

"நீங்க ஜெயிச்சீங்களாப்பா?" என்று, இதுவரை நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த என் சின்னவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

குவாட்டர்ஸைக் காலி செய்தபோது மஞ்சள் கறை நத்தை சாமி மாடத்தோடு எங்கேயோ போய்விட்டது. அதனால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அவனிடம் நான் இதை மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில் நான் ஜன்னலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். குவாட்டர்ஸ் பையன்கள் எல்லோரும் வழக்கம்போல் சைக்கிளில் கடைக்குப் போனார்கள். கடைசி வீட்டு அண்ணனும் போனார். ஒரு சக்கரத்தில்கூட டக்டக் சத்தம் இல்லை.